வழுக்குவது பிடியா, கையா?

மட்டக்களப்பின் தென்கரைப் பக்கமிருந்து பெண் பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரையும் நிலையத்தையும் நீக்கிவிட்டு விடயத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

வயது 31. சேவையில் எட்டு ஆண்டுகள். நான்கு வயதில் ஒரு மகள் இருக்கிறாள். இரண்டாவது குழந்தைக்கு முயன்றுகொண்டிருக்கிறார்கள். தகப்பனார் உன்னிச்சைப் பக்கம் வேளாண்மை செய்தவர். இந்த ஆண்டு கைத்துப்பாக்கிப் போட்டி ஒன்றுக்கு இவரைத் தெரிவு செய்திருக்கிறார்கள். பயிற்சியில் முதல் பத்துத் தடவை நன்றாகச் சுடுகிறார். அதன்பின் உள்ளங்கை நனைந்துவிடுகிறது. ஒவ்வொரு சூட்டுக்கும் பிஸ்டல் கைக்குள் சற்றுத் திரும்ப, ஒவ்வொரு தடவையும் பிடியைத் திருத்திப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

ஆயுதக் களஞ்சியத்தில் இவருக்கு இரண்டு தெரிவுகள் உண்டு. ஒன்று பழைய இரும்புப் பிஸ்டல். மெலிந்த பிடி, ஆனால் பக்கப் பலகைகளில் இருந்த கோடுகள் தேய்ந்து வழவழப்பாகிவிட்டன. மற்றது பிளாஸ்டிக் உடல் கொண்ட புதிய பிஸ்டல். பிடி தடிப்பு, மேற்பரப்பு முழுவதும் கூரான சிறு முனைகள். அது வழுக்குவதில்லை, ஆனால் ஐம்பது தடவை சுட்டால் பெருவிரல் இடுக்கில் தோல் உரிந்துவிடுகிறது.

“டொக்டர், சொரசொரப்புக் கூடக் கூடப் பிடிப்பும் கூடும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அப்படியானால் தோல் உரிவதைப் பொறுத்துக்கொண்டு புதியதையே எடுக்கட்டுமா? அல்லது அப்பா தன் காவல் துவக்குக்குச் செய்ததுபோல பழையதற்கு சைக்கிள் டியூப் வெட்டிச் சுற்றட்டுமா? மச்சான் ஒருவர் ஈயம் பற்றவைக்கும் சூட்டுக்கோலால் பிளாஸ்டிக் பிடியை எனக்கு ஏற்றபடி புள்ளி போட்டுத் தரலாம் என்கிறார்” என்று கேட்கிறார். கடிதத்தின் நடுவில், போகிற போக்கில் இன்னொன்றையும் எழுதியிருக்கிறார். கை நடுக்கத்துக்கும் வியர்வைக்கும் நல்லது என்று தோழி ஒருவர் கொடுத்த குளிசையைப் பயிற்சி நாட்களில் காலையில் எடுக்கிறாராம். இதுவரை ஐந்து தடவை. அட்டையில் உள்ள பெயர் புரொப்ரனலோல். சிறுவயதில் இவருக்கு இழுப்பு (ஆஸ்துமா) இருந்திருக்கிறது. கடைசி வரி இது: “பயந்த கைதான் வியர்க்கும் என்று பயிற்சி தரும் சார்ஜன்ட் சொல்கிறார். உண்மைதானா?”

அன்புத் தங்கைக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு நாள் மேசையில் வைத்திருந்தேன். எங்கள் மாவட்டத்தில் துவக்கு என்ற சொல்லுக்கு இன்னும் பாரம் இருக்கிறது. 2009 வரை இங்கே வாழ்ந்த எவருக்கும் அது வெறும் இரும்பு அல்ல. வீட்டில் அந்தப் பேச்சை எடுத்தாலே அம்மா எழுந்து போய்விடுவார் என்று எழுதியிருந்தீர்கள்; அது எனக்கு விளங்குகிறது. ஆனாலும் கைக்குள் நிலைக்காத ஆயுதம் அதை ஏந்துபவருக்கும் ஆபத்து, பக்கத்தில் நிற்பவருக்கும் ஆபத்து. நீங்கள் கேட்டிருப்பது உங்கள் தொழிலின் கருவியைப் பற்றி. தாக்கத்தி பிடித்துக் கை கொப்பளித்தவருக்கு எவ்வளவு கவனமாகப் பதில் சொல்வேனோ, அவ்வளவு கவனமாக உங்களுக்கும் சொல்ல வேண்டும். நான் தோல் மருத்துவன். சில ஆண்டுகள் குறிபார்த்துச் சுடும் வீரர்களின் கைகளையும் பார்த்து வந்திருக்கிறேன். அந்த இரண்டு அனுபவத்தையும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் அந்தக் குளிசை

நீங்கள் அதிகம் கேட்டது பிடியைப் பற்றி. எனக்கு அதிகம் உறுத்தியது குளிசை. இன்றே நிறுத்துங்கள். நாள்தோறும் மாதக்கணக்கில் எடுத்து வருபவர்கள் புரொப்ரனலோலைத் திடீரென்று நிறுத்தக்கூடாது. ஆனால் நீங்கள் இடைவெளி விட்டு ஐந்து தடவை மட்டுமே எடுத்திருப்பதால் தயங்காமல் நிறுத்தலாம். காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. சிறுவயதில் இழுப்பு வந்தவர்களுக்கு இந்த மருந்து மூச்சுக்குழாயை இறுக்கிவிடக் கூடும். சில வேளை, பல ஆண்டுகளாக வராத இழுப்பு ஒரே குளிசையில் திரும்பி வரும். அந்த நேரத்தில் வழக்கமாகக் கேட்கும் இழுப்பு மருந்தும் சரியாகக் கேட்காது. நெஞ்சு இறுக்கமோ மூச்சுத் திணறலோ இப்போது இருந்தால் வெளிநோயாளர் பிரிவுக்குப் போங்கள், இந்தப் பத்தியை முடிக்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

உங்கள் தோழிக்குத் தெரியாத இன்னொரு விடயமும் உண்டு. புரொப்ரனலோல் இதயத் துடிப்பின் வேகத்தைக் குறைத்து, கையின் நடுக்கத்தை அடக்கும். குறிபார்த்துச் சுடுபவருக்கு அது நேர்மையற்ற உதவி என்பதால், உலக ஊக்கமருந்து எதிர்ப்பு முகவரகம் துப்பாக்கி சுடுதலில் இந்த மருந்து வகையைத் தடை செய்திருக்கிறது. வேறு பல விளையாட்டுகளில் போட்டி நாளில் மட்டுமே தடை. சுடுதலிலும் வில்வித்தையிலும் பயிற்சிக் காலத்திலும் தடை. 2008 பீஜிங் ஒலிம்பிக்கில் வட கொரியாவின் கிம் ஜொங்-சு 50 மீற்றர் பிஸ்டலில் வெள்ளியும் 10 மீற்றர் எயார் பிஸ்டலில் வெண்கலமும் வென்றார். அவருடைய சிறுநீரில் புரொப்ரனலோல் தெரியவந்ததும் இரண்டு பதக்கமும் பறிபோயின. உங்கள் போட்டியில் சோதனை நடக்கிறதோ இல்லையோ, தேசிய அணி வரை போகும் கனவை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கனவில் இந்தக் கறை படிய வேண்டாம்.

அதற்கும் மேலாக, அது வியர்வைக்கான மருந்தே அல்ல. உள்ளங்கை வியர்வைச் சுரப்பிகளைத் தூண்டும் நரம்புச் செய்தியை அது தடுப்பதில்லை. படபடப்பு அடங்குவதால் சிலருக்குச் சற்றுக் குறைவது போலத் தெரியும், அவ்வளவுதான். ஐந்து தடவை எடுத்தும் கை நனைந்ததாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

பயந்த கைதான் வியர்க்குமா?

இல்லை. சார்ஜன்ட் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார், ஆனால் அவர் சொன்னது தவறு.

உடம்பின் மற்ற இடங்கள் பெரும்பாலும் சூட்டுக்கு வியர்க்கின்றன. உள்ளங்கையும் உள்ளங்காலும் மனத்தின் விழிப்புக்கு வியர்க்கின்றன. கூர்ந்து கவனிப்பது, கணக்குப் போடுவது, பரீட்சை எழுதுவது எல்லாம் அதற்குப் போதும். அதனால்தான் கச்சான் காற்று அனலாக அடிக்கும் ஆடி மாதத்தில் காய்ந்திருக்கும் உங்கள் கை, வாடைக் காலத்து மழைக்குளிரில், இலக்கைப் பார்த்த மறுநொடி நனைந்துவிடுகிறது. பாடசாலைக் காலத்திலேயே பரீட்சைத் தாள் ஈரமாகி மை பரவும் என்றும், தகப்பனாருக்கும் அப்படித்தான் என்றும் எழுதியிருக்கிறீர்கள். இரண்டு கையிலும் ஒரே அளவு, இளவயதில் தொடக்கம், குடும்பத்தில் இன்னொருவருக்கும் இருப்பது ஆகியவற்றோடு, உறக்கத்தில் கை காய்ந்தும் இருந்தால் அது வேறு நோயால் வராத, குடும்பவழி மிகைவியர்வை. வீரத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. இரவில் உடல் முழுவதும் நனைந்தாலோ, நெஞ்சு படபடத்து எடை குறைந்தாலோ மட்டும் தைரொயிட்டையும் சீனியையும் பார்க்க வேண்டும்.

இதற்கு மருத்துவம் உண்டு. முதற்படி அலுமினியம் குளோரைட் கலந்த பூச்சு. இரவில், நன்றாகக் காய்ந்த கையில் பூசிவிட்டு உறங்கி, காலையில் கழுவ வேண்டும். பகலில் ஈரக் கையில் பூசினால் எரியுமே தவிர வேலை செய்யாது. உரிந்த தோலிலும் பூசக்கூடாது. எனவே பெருவிரல் இடுக்குப் புண் ஆறும்வரை அந்த இடத்தை விட்டுவிடுங்கள். அது போதாவிட்டால், தண்ணீர்த் தட்டில் கையை வைத்து மெல்லிய மின்னோட்டம் செலுத்தும் சிகிச்சை இருக்கிறது. ஒரு தடவைக்கு இருபது, முப்பது நிமிடம், தொடக்கத்தில் வாரத்துக்குச் சில தடவைகள். கர்ப்ப காலத்தில் அதைச் செய்வதில்லை. வியர்வையை அடக்கும் குளிசைகளும் உண்டு, ஆனால் அவை வாயை உலர்த்தும், பார்வையை மங்கலாக்கும். துப்பாக்கியின் முன்குறி தெளிவாகத் தெரிய வேண்டிய உங்களுக்கு அவை பொருந்தா. உள்ளங்கையில் போடும் பொட்டுலினம் ஊசி சில மாதங்களுக்கு வியர்வையை நன்றாக நிறுத்தும், ஆனால் விரல்களின் இறுக்கும் வலு தற்காலிகமாகக் குறையலாம். நரம்பை வெட்டும் அறுவை சிகிச்சை பற்றி இணையத்தில் படித்ததாக எழுதியிருந்தீர்கள்; ஒரு போட்டிக்காக அதை நினைக்கவே வேண்டாம். கை காய்ந்து, முதுகும் வயிறும் வாழ்நாள் முழுவதும் நனைந்தபடி இருப்பவர்கள் பலர்.

நீங்கள் குழந்தைக்கு முயல்வதால் இவற்றில் எதையும் தானாகத் தொடங்காமல் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் தோல் கிளினிக்கில் காட்டிவிட்டுத் தொடங்குங்கள். அங்கே பணம் கட்ட வேண்டியதில்லை. ஒரு காலைப் பொழுது காத்திருக்க வேண்டியிருக்கும்.

குழந்தைப் பவுடரைக் கையில் தட்டும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். வியர்வையை உறிஞ்சும்வரை அது நல்லது போலிருக்கும். உறிஞ்சி முடித்ததும் அதே பவுடர்தான் வழுக்கும், அதோடு துப்பாக்கியின் உள்ளேயும் போய்ப் படியும். ஒரு சிறு பருத்தித் துவாயை இடுப்பில் வைத்து, ஐந்து தடவைக்கு ஒருமுறை துப்பாக்கியைப் பாதுகாப்பாகக் கீழே வைத்துவிட்டுத் துடைப்பது அதைவிட மேல்.

அளவு முன்னே, சொரசொரப்புப் பின்னே

இனிப் பிடிக்கு வருகிறேன். வாவியில் தோணி வலிப்பவரின் துடுப்பைத் தொட்டுப் பார்த்திருக்கிறீர்களா? பல ஆண்டுகள் கைபட்டுக் கண்ணாடி போல் மின்னும். ஆனால் தண்ணீரில் நனைந்த கைக்குள்ளும் அது திரும்புவதில்லை. அதன் தடிப்பு வலிப்பவரின் விரல் சுற்றி வரும் அளவு. கைக்கு அளவான பிடி பாதி வேலையைச் செய்துவிடும். அளவற்ற பிடிக்கு எவ்வளவு சொரசொரப்புப் போட்டாலும் அது தோலைத்தான் உரிக்கும்.

நீங்கள் அனுப்பிய விவரத்தைப் பார்த்தால், புதிய பிஸ்டலில் உங்கள் சுட்டுவிரல் நுனிதான் விசையை எட்டுகிறது. எட்டுவதற்காக நீங்கள் பிடியைக் கைக்குள் சற்றுத் திருப்பிப் பிடிக்கிறீர்கள். அப்போது குழாய் முன்னங்கையின் நேர்கோட்டில் இல்லை. பின்னுதைப்பு உள்ளங்கையின் நடுவில் இறங்காமல் பெருவிரல் மூட்டின் அடியில் போய் இடிக்கிறது. தோல் உரிவதாக நீங்கள் சொல்லும் இடமும் அதுவே. முனைகள் கூர் என்பது பாதிக் காரணம். பிடி பெரிது என்பது மறுபாதி.

சரிபார்க்கும் வழி எளிது. ஆயுதப் பொறுப்பாளர் முன்னிலையில் தோட்டாக்கள் அடுக்கிய மகசினைக் கழற்றி, குழாயின் பின்னே தோட்டா அமரும் அறையும் காலி என்பதை இருவரும் கண்ணால் பார்த்த பின், பாதுகாப்பான திசையை நோக்கிப் பிடியுங்கள். பெருவிரல் இடுக்கு பிடியின் பின்புறத்தில், முடிந்த அளவு உயரத்தில், நடுவாக அமர வேண்டும். குழாயும் முன்னங்கையும் ஒரே கோடு. அந்த நிலையிலேயே சுட்டுவிரலின் முதல் கணுவின் சதை விசையின் நடுவில் பட வேண்டும். பழையதிலும் புதியதிலும் இதைச் செய்து பாருங்கள். பிளாஸ்டிக் உடல் கொண்ட பல பிஸ்டல்களில் பின்புறத் தகடு மாற்றக் கூடியது. சிறியது, நடுத்தரம், பெரியது என்று பெட்டியிலேயே வரும். உங்கள் களஞ்சியத்தில் சிறிய தகடு இருக்கிறதா என்று கேளுங்கள். பெண் உத்தியோகத்தர்கள் இதைக் கேட்கக் கூச்சப்படுவதை நான் பார்த்திருக்கிறேன். சப்பாத்துக்கு அளவு கேட்கும்போது கூச்சப்படுகிறோமா?

தானாக மறுதோட்டா ஏற்றும் துப்பாக்கியில் இது இன்னும் முக்கியம். ஒவ்வொரு சூட்டிலும் மேல் இரும்பு பின்னோக்கி ஓடி, வெற்றுக் கோதைத் தள்ளி, சுருளை அழுத்தி, அடுத்த தோட்டாவை எடுத்துக்கொண்டு முன்னே வருகிறது. கீழுடல் கைக்குள் அசையாமல் நின்றால்தான் அந்த ஓட்டம் முழுமையாகும். கை தளர்ந்து கொடுத்தால் கோது இடையில் சிக்கும். உங்களுக்கு இரண்டு தடவை சிக்கியது இதனாலாக இருக்கலாம். கருவியின் குறையா என்பதைப் பொறுப்பாளர் பார்த்துச் சொல்லட்டும்.

வழுக்கும் பயத்தில் நெரித்துப் பிடிப்பதும் தவறு. நடுவிரல், மோதிரவிரல், சுண்டுவிரல் மூன்றையும் மடக்கும் தசை பெரும்பாலும் ஒன்றாகவே இயங்கும். சுட்டுவிரலுக்குச் சற்றுத் தனிச் சுதந்திரம் உண்டு. மற்ற மூன்றையும் முழு வலுவில் நெரித்தால் அந்தச் சுதந்திரமும் போய், விசையை இழுக்கும்போது முழுக் கையும் சேர்ந்து இழுபடும். நல்ல மேற்பரப்பின் உண்மையான பயன் இங்கேதான் இருக்கிறது. கைக்கும் பிடிக்கும் இடையில் உராய்வு கூடினால், அதே நிலைப்பை குறைந்த இறுக்கத்தில் பெறலாம்.

எந்தச் சொரசொரப்பு, எந்த இடத்தில்?

காசு எண்ணுபவர்கள் விரலை ஏன் ஈரப்படுத்துகிறார்கள்? சற்று ஈரமான தோல் காய்ந்த தோலை விட நன்றாகப் பற்றும். ஆனால் ஈரம் கூடித் தண்ணீர்ப் படலமாகும்போது அதே தோல் வழுக்கும். உங்கள் முதல் பத்துச் சூடுகளும் பதினோராவதும் வேறுபடுவது இதனால்தான். பிடியில் உள்ள பள்ளங்களின் வேலை அந்தப் படலத்துக்குப் போக்கிடம் கொடுப்பது. மேடுகளின் வேலை தோலில் சற்றுப் பதிவது. அதற்கு மேடு கூராக இருக்க வேண்டியதில்லை, பள்ளம் அடைபடாமல் இருந்தால் போதும். அழுக்கும் எண்ணெயும் படிந்த பழைய பிடியைப் பல் துலக்கும் பிரஷால் தேய்த்தாலே பாதிப் பிடிப்புத் திரும்பி வருவதைப் பார்த்திருக்கிறேன். உங்கள் பழைய பிஸ்டலில் பொறுப்பாளரிடம் முதலில் இதைக் கேட்டுப் பாருங்கள்.

இரும்பிலும் மரத்திலும் குறுக்குக் கோடு வெட்டி, வைரம் போன்ற சிறு முனைகளை உண்டாக்குவது பழைய முறை. ஓர் அங்குலத்தில் எத்தனை கோடு என்று அதை அளப்பார்கள். 20 கோடு என்றால் முனைகளுக்கு இடையே ஏறத்தாழ 1.3 மில்லிமீற்றர், திருவலைப் பல் போல் தோலைப் பிடிக்கும். 30 கோடு என்றால் 0.85 மில்லிமீற்றர், மென்மை, ஆனால் வியர்வையில் விரைவில் நிரம்பிவிடும். ஒரு பயிற்சிக்கு ஐம்பது, நூறு தடவை சுடும் ஈரக் கைக்கு நடுவில் உள்ள 25 தான் என் தெரிவு.

றப்பர்ப் பலகை மென்மையானது, உதைப்பைச் சற்று வாங்கிக்கொள்ளும், உரிந்த கைக்கு இதம். ஆனால் சீருடைத் துணியில் ஒட்டி இழுக்கும். எண்ணெய் பட்டுப் பட்டு நாளடைவில் பிசுபிசுக்கும். கண்ணாடி இழையும் பிசினும் சேர்த்து அழுத்திய பலகைகள் வியர்வைக்கும் எண்ணெய்க்கும் அசையா, வேண்டிய அளவு சொரசொரப்பில் கிடைக்கும். அவற்றை வீட்டில் அராவக் கூடாது, அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது. ஒட்டும் பட்டை வகையில் மணல் பதித்தது ஒன்று, றப்பர்ப் புள்ளி பதித்தது ஒன்று. மணல் பட்டை உங்கள் கைக்கு வேண்டாம். றப்பர்ப் பட்டையின் பெரிய நன்மை, பிடிக்காவிட்டால் உரித்துவிடலாம் என்பது. குறை, வியர்வையில் ஓரம் கிளம்பும். மெழுகு பூசிய மரம் அழகாக இருக்கும், நனைந்தால் சவர்க்காரக் கட்டி போலத்தான்.

ஒலிம்பிக் படங்களில் கையைச் சுற்றி வளைத்த மரப்பிடியைப் பார்த்துவிட்டு அதைப் பொருத்தலாமா என்று கேட்டிருந்தீர்கள். அது ஒரே கையால், அசையாமல் நின்று சுடும் விளையாட்டுக்கென்று அந்த வீரரின் கைக்கே செதுக்கப்பட்டது. அதற்கும் எல்லை இருக்கிறது. 10 மீற்றர் எயார் பிஸ்டல் முழுவதும் 420 × 200 × 50 மில்லிமீற்றர் பெட்டிக்குள் அடங்க வேண்டும், மணிக்கட்டுக்குத் தாங்கு கொடுக்கக் கூடாது. உறையிலிருந்து எடுத்து இரு கையாலும் பிடிக்கும் சேவைப் பிஸ்டலுக்கு அது உதவாது.

எந்த இடத்தில் என்பதுதான் பலரும் நினைத்துப் பார்க்காத கேள்வி. சுடும்போது குழாய் கைக்கு மேலே இருப்பதால் துப்பாக்கி மேல்நோக்கிச் சுழலப் பார்க்கிறது. அதைத் தடுப்பவை விரல்கள் சுற்றிவரும் முன்பக்கமும் உள்ளங்கை அமரும் பின்பக்கமும். நடுத்தரச் சொரசொரப்பு அங்கே வேண்டும். பக்கப் பலகைகளில் மென்மையானது போதும். பெருவிரல் இடுக்கு அமரும் மேல் வளைவிலும், விசைக் காப்பு வளையத்தின் அடியில் நடுவிரல் உரசும் இடத்திலும் எதுவும் வேண்டாம், வழவழப்பாகவே இருக்கட்டும். உங்கள் புதிய பிஸ்டலில் அந்த மேல் வளைவு வரை முனைகள் ஏறியிருப்பதால்தான் அங்கே உரிகிறது. வலித்தால் கை தானாகவே அடுத்த சூட்டுக்கு முன் பின்வாங்கும். குறி தவறுவதற்கு அது போதும். பொறுத்துக்கொள்வதால் கை பழகிவிடும் என்று நினைக்காதீர்கள். வலியைத்தான் கை நினைவில் வைத்துக்கொள்ளும்.

ஒரு சோதனை சொல்கிறேன். காலித் துப்பாக்கியை ஒரு நிமிடம் வழக்கமான இறுக்கத்தில் பிடித்துவிட்டுக் கையை விரித்துப் பாருங்கள். பன்பாயில் உறங்கி எழுந்த பிள்ளையின் கன்னத்தில் பாய்த்தடம் பதிந்திருக்குமே, அப்படிப் பதிந்து சில நிமிடத்தில் மறைந்தால் சொரசொரப்பு அளவானது. சிவந்த புள்ளியாக நின்றாலோ கீறினாலோ கூடுதல். தடமே இல்லாத இடத்தில் கை பிடியைத் தொடவில்லை என்று பொருள்; அங்கே கூர் தேடாமல் அளவைத் திருத்த வேண்டும்.

ஆக, எதை எடுப்பது? சிறிய பின்தகடு கிடைத்து, விசை எட்டுமானால் புதியதை எடுக்கலாம். மேல் வளைவில் மட்டும் மெல்லிய வழவழப்பான பட்டை ஒன்றை ஒட்டித் தர முடியுமா என்று பொறுப்பாளரிடம் கேளுங்கள். தகடு கிடைக்காவிட்டால் பழையதுதான் உங்களுக்கு உரியது. அதன் பக்கப் பலகைகள் திருகாணியில் நிற்பவை. தேய்ந்ததைக் கழற்றி, கோடு உள்ளதையோ றப்பரையோ பூட்டுவது ஆயுதத் திருத்துநருக்குச் சில நிமிட வேலை. இரும்பு எடை கூட என்பதால் உதைப்பும் கைக்குக் குறைவாகத் தெரியும். என் மனம் பழையதன் பக்கம்தான் சாய்கிறது.

டியூபும் சூட்டுக்கோலும்

அப்பாவின் துவக்கில் டியூப் சுற்றியது அவர் தேவைக்குச் சரி. நீண்ட தண்டு, தோளில் ஊன்றும் கட்டை. அங்கே டியூப் சற்று நகர்ந்தாலும் கேடில்லை. பிஸ்டலின் பிடியில் அது தடிப்பைக் கூட்டும், உங்கள் விரல் இன்னும் எட்டாமல் போகும். அடியில் வியர்வை புகுந்தால் டியூபே பிடியின் மேல் சுழலும். மேலே ஏறினால் மகசின் விடுவிக்கும் பொத்தானை மறைக்கும். வேண்டாம்.

மச்சானின் சூட்டுக்கோலுக்கு என் பதில் இன்னும் கடுமையானது. அந்தப் பிஸ்டல் உங்களுடையதல்ல, அரசின் சொத்து. எழுத்தில் அனுமதியின்றி அதை உருக்குவதும் அராவுவதும் ஒழுக்காற்று விசாரணைக்கு வழி. வீட்டுக்குக் கொண்டுபோய் இன்னொருவர் கையில் கொடுப்பது அதைவிடப் பெரிய பிரச்சினை. சுடுகலன்களுக்கு 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் வேண்டும், மச்சானிடம் அது இல்லை. விளையாட்டாகச் செய்ததென்று எவரும் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள். அதேவேளை, கைக்கு ஏற்ற பலகையோ தகடோ வேண்டும் என்று காரணம் காட்டி எழுத்தில் கேட்க உங்களுக்கு எந்தத் தடையும் இல்லை. கிளினிக்கில் மருத்துவர் தரும் குறிப்பையும் அதோடு இணையுங்கள். வியர்வையை மறைத்தால் அணியில் இடம் நிலைக்கும் என்று எழுதியிருந்தீர்கள். மறைத்தால்தான் அது பயம் என்ற பேச்சு வளரும்.

மகளுக்கு ஊட்டும் கை

நீங்கள் கேட்காததையும் சொல்லியாக வேண்டும். பயிற்சி முடிந்து சானிடைசர் பூசிவிட்டுச் சோற்றுப் பார்சலைப் பிரிப்பதாக எழுதியிருந்தீர்கள். தோட்டாவிலும் அதை வெடிக்கச் செய்யும் மருந்திலும் பொதுவாக ஈயம் இருக்கிறது. அதன் நுண்தூள் கையிலும் சட்டையிலும் படியும். சானிடைசர் கிருமியைக் கொல்லும், ஈயத்தை அகற்றாது. நாங்கள் கையால் பிசைந்து உண்பவர்கள். பிள்ளைக்கும் அதே கையால் ஊட்டுகிறோம். சொரசொரப்பான பிடியில் உரிந்த தோலின் இடுக்கில் தங்கும் அழுக்கு சுலபத்தில் போகாது என்பதும் அந்தக் கூர்முனைகளை நான் விரும்பாததற்கு ஒரு காரணம்.

சுட்ட பின் சவர்க்காரம் போட்டு, ஓடும் தண்ணீரில், நகக்கண் வரை தேய்த்துக் கழுவுங்கள், முகத்தையும் கழுவுங்கள். அதுவரை வெற்றிலையோ தண்ணீர்ப் போத்தலோ வாயருகே போகக் கூடாது. வீட்டுக்கு வந்ததும் மகள் ஓடிவந்து கட்டிக்கொள்வதற்கு முன் சீருடையை மாற்றி, அதைத் தனியாகத் துவையுங்கள். சப்பாத்து வாசலுக்கு வெளியே இருக்கட்டும்.

ஈயம் எலும்பில் பல ஆண்டுகள் தங்கி, கர்ப்பத்திலும் பாலூட்டும் காலத்திலும் குருதிக்குத் திரும்பி, கருவையும் சென்றடையும். ஆகவே குருதியில் ஈய அளவு பார்க்க வசதி உண்டா என்று கிளினிக்கில் இப்போதே கேளுங்கள். மாதவிலக்குத் தள்ளிப்போனால், பரிசோதித்து இல்லை என்று தெரியும்வரை சுடுதளத்துக்குப் போக வேண்டாம். கரு உறுதியானால் பிரசவம் வரை, பாலூட்டும் மாதங்களிலும், வேறு கடமை கேளுங்கள். போட்டித் திகதியை எழுதவில்லை நீங்கள். அது எப்போது வந்தாலும் இந்த இடத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கிளினிக்குக்குப் போகும்போது மீதமுள்ள குளிசை அட்டையையும், ஒரு நிமிடம் பிடித்த பின் கையில் பதிந்த தடத்தின் படத்தையும் எடுத்துச் செல்லுங்கள். பார்க்கும் மருத்துவருக்கு என் கடிதத்தை விட அவை இரண்டும் உதவும்.